குறை சொல்ல ஓர் ஆள்

பாய் ஒரு முந்திரிக்கொத்தை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினால், எங்கள் சந்தில் நாலைந்து பெண்கள் கைவேலையை அப்படியே நிறுத்திவிடுவார்கள். அவர் அவசரப்படமாட்டார். மெல்வார், நிறுத்துவார், யோசிப்பார், மறுபடி மெல்வார். பிறகு கண்ணைத் திறந்து, துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொல்வார்: “பயறு இன்னும் கொஞ்சம் வறுபட்டிருக்கணும், தங்கச்சி.”

அம்மாவுக்கு அவ்வளவுதான். அந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

இப்போது அவர் இல்லை. எங்கள் வீட்டுப் பலகாரத்தைத் தின்கிறவர்கள் எல்லோரும் ‘சூப்பர்’ என்கிறார்கள். தின்பதற்கு முன்பே ‘சூப்பர்’ சொல்கிறவர்களும் உண்டு. போட்டோ பிடித்து, அதன் கீழே ‘சூப்பர்’ என்று போட்டுவிட்டு, தின்னாமலே போகிறவர்களும் உண்டு. அம்மா இவர்களில் ஒருவரையும் நம்புவதில்லை.

பாய்க்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. ஆனால் எங்களுக்கு அவர் வெறும் பாய்தான். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே நுழைகிற எங்கள் சந்தில் இன்னும் இரண்டு பாய்கள் இருந்ததால், குழப்பம் வரும்போது மட்டும் ‘பை தைக்கிற பாய்’ என்போம். ஓர் அறையில் நாலு தையல் மெஷின் போட்டுத் தோல் பை தைக்கிற கார்கானா வைத்திருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். நாங்கள் திருச்செந்தூர்ப் பக்கம். ஊரில் இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டோம். பம்பாயில் எதிரெதிர் வாசல்.

அவரால் ஒரு பொருளைக் குறை சொல்லாமல் தின்ன முடியாது. வேண்டுமென்று சொல்வதில்லை. சிலருக்குத் தும்மல் வருவதுபோல் அவருக்கு அது வந்துவிடும். கல்யாண வீட்டில் கை கழுவுகிற இடத்திலேயே நின்று, “ரசத்துல பெருங்காயம் தூக்கல், மத்தபடி ஒண்ணுமில்ல” என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொல்லிவிட்டு வருவார். மத்தபடி ஒண்ணுமில்ல என்பதை ஆறுதலாகத்தான் சொல்வார். கேட்கிறவருக்கு அப்படித் தோன்றாது.

தீனியோடு நின்றாலும் பரவாயில்லை. டிசம்பரில் சந்து முகப்பில் நாங்கள் பெரிய நட்சத்திரம் கட்டினால், பொழுது விடிந்ததும் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்ப்பார். “பரோபர் இல்ல” என்பார், சரியில்லை என்பதற்குப் பம்பாய்ப் பேச்சில். “ஏன் பாய்?” என்றால், “கட்டுனது சரி, அது யாரைப் பாக்குது? பொதுக் கக்கூஸைப் பாக்குது. நட்சத்திரத்தைப் பாத்து வார ஞானிமார் அங்கேயா போவாங்க?” என்பார். நட்சத்திரம் கட்டியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏணி கொண்டுவந்து திருப்பிக் கட்டுவார்கள். கேரல்ஸ் பாடுகிறவர்கள் சந்துக்குள் வரும்போது வாசலில் நின்று கடைசிவரை கேட்பார். முடிந்ததும், “நடு வரிசையில ஒருத்தன் மூக்கால பாடுதான், அவனைக் கொஞ்சம் பின்னால நிறுத்துங்க” என்பார். கோயில் ஒலிபெருக்கியில் வருகிற பிரசங்கத்தையும் அவர் விட்டதில்லை. எங்கள் பக்கத்தில் சர்ச்சைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வது. “உங்க ஐயரு நல்லாத்தான் ஆரம்பிச்சாரு, பாதியில தூக்கம் வந்துட்டு போல” என்று அப்பாவிடம் சொன்னபோது, அந்தப் பாதியில் உண்மையிலேயே தூங்கியிருந்த அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவர் மேல் யாருக்கும் நிரந்தரக் கோபம் வராததற்கு ஒரு காரணம் உண்டு. தன் சரக்கையும் அவர் விட்டுவைத்ததில்லை. பை வாங்க வருகிறவரிடம், “தோல் நல்ல தோல்தான், ஆனா ஜிப் ஒரு மழைக்குத்தான் தாங்கும்” என்று அவராகவே சொல்வார். வாங்க வந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டுப் போவார். உள்ளே அவர் மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர், தலையில் அடித்துக்கொள்வார். நான் கல்லூரிக்குப் போனபோது பாய் எனக்கு ஒரு பை தைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே அதில் என்னென்ன சரியில்லை என்று அரை மணி நேரம் சொன்னார். அந்தப் பை இன்னும் பரணில் இருக்கிறது. ஜிப் மட்டும்தான் போனது.

எங்கள் சந்தில் ஏழெட்டு கிறிஸ்தவ வீடுகள். டிசம்பர் பாதி தாண்டினால் எல்லா வாசலிலும் எண்ணெய்ச் சட்டி ஏறும். பயறு மாவில் பாகு சேர்த்து உருட்டி, மேல்மாவில் முக்கிச் சுடுகிற முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, அதிரசம், முள்ளு முறுக்கு, கலகலா. கிறிஸ்துமஸ் அன்று கோயில் விட்டு வந்ததும் எவர்சில்வர் தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்து, நடுவில் இரண்டு வாழைப்பழம் வைத்து, பூவேலை செய்த துணியால் மூடி, சந்தில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் கொண்டுபோவோம். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் அந்த வீட்டுத் தட்டுகள் எங்களுக்கு வரும். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். பாய் வீட்டிலிருந்து தட்டு திரும்பும்போது சீனியோடு தீர்ப்பும் சேர்ந்து வரும்.

அம்மாவுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. பாய் வாயால் ஒரே ஒரு தடவை ‘நல்லா இருக்கு’ என்று கேட்டுவிட வேண்டும். அது ஒன்றுதான். அப்பாவிடம் அந்தச் சொல் கிடைக்காதா என்று கேட்கலாம். மாவை வெறுந்தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாலும் அப்பா ‘ம்’ என்று குடித்துவிட்டுப் போகிற ஆள். “இவருக்குச் செய்யுததும் செவத்துக்குச் செய்யுததும் ஒண்ணு” என்று அம்மா அப்போதே அவரைக் கணக்கில் சேர்ப்பதை விட்டுவிட்டாள்.

ஒரு வருடம் பயறு வறுபடவில்லை என்றார். மறு வருடம் அம்மா கை கடுக்கக் கடுக்க வறுத்தாள். “பயறு ஏக்தம் சரி. ஆனா ஏலக்காய் முந்திக்கிட்டு நிக்கி” என்றார். அடுத்த வருடம் ஏலக்காயைக் குறைத்தாள். “பாகு ஒரு கொதி கூடிப்போச்சு” என்றார். அம்மா பொறுமை இழந்து ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“அண்ணே, நீங்க ஒரு நாளாவது அடுப்புக்கு முன்னால உக்காந்திருக்கீங்களா?”

“நான் லோக்கல் ரயில் ஓட்டுனதும் இல்ல தங்கச்சி. லேட்டா வந்தா லேட்டுன்னு சொல்லக் கூடாதா?”

அம்மாவுக்கு இதற்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொரு பதிலாகத் தோன்றும். அதையெல்லாம் அப்பாவிடம் சொல்லித் தீர்த்துக்கொள்வாள்.

ஒரு தடவை ஊருக்குப் போனபோது உடன்குடிக் கருப்பட்டி ஒரு பெட்டி நிறைய வாங்கி, ரயிலில் எறும்பு ஏறாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். கடை வெல்லத்தால்தான் இத்தனை வருடமும் தோற்றோம் என்பது அவள் முடிவு. அந்தக் கிறிஸ்துமஸில் பாய் கண்ணை மூடி வெகுநேரம் மென்றார். அம்மா முகத்தில் வெளிச்சம் பரவியதை நான் பார்த்தேன். “அருமையான கருப்பட்டி” என்றார் பாய். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இவ்வளவு நல்ல கருப்பட்டியினாலதான் மத்த குறையெல்லாம் பளிச்சுனு தெரியுது” என்றார்.

பழிவாங்க அம்மா நோன்பு மாதத்துக்காகக் காத்திருந்தாள். மாமி கொடுத்துவிட்ட கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, நேராக எதிர்வாசலுக்குப் போய், “கஞ்சியில உப்பு கொறவு அண்ணே” என்றாள். பாய் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா! நானும் அதைத்தான் சொன்னேன், இவ கேக்கல. உனக்கு நல்ல நாக்கு தங்கச்சி” என்று மாமியைக் கூப்பிட்டு அம்மாவைச் சாட்சி வைத்தார். மாமி அம்மாவிடம் இரண்டு நாள் பேசவில்லை.

கடைசியில் அம்மா ஒரு சூழ்ச்சி செய்தாள். சந்திலேயே முந்திரிக்கொத்துக்குப் பெயர் போனவள் கடைசி வீட்டு அக்கா. அவள் செய்ததை எங்கள் தட்டிலும், அம்மா செய்ததை அவள் தட்டிலும் மாற்றி வைத்து அனுப்புவது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அவள் கொத்துக்கும் குறை சொன்னால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். பாய் எங்கள் தட்டிலிருந்து எடுத்துக் கடித்தார். ஒரு கடிதான்.

“தட்டு உன் தட்டு. கை உன் கை இல்லையே.”

அம்மா திருதிருவென்று விழித்தாள். பாய் பக்கத்திலிருந்த அக்கா வீட்டுத் தட்டைத் திறந்து அதிலிருந்து ஒன்றை எடுத்தார். “இந்தா, இதுதான் உன் கை. சுக்கு ஒரு சிட்டிகை கூடத்தான் போடுவ. எத்தனை தடவை சொல்லியாச்சு, கேக்கியா நீ?” என்றார்.

அன்று அம்மா தோற்றுத்தான் வந்தாள். ஆனால் நாள் முழுக்க ஒருவிதமாக இருந்தாள். பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். “அத்தனை வீட்டுப் பலகாரத்துல என் கை அந்த மனுசனுக்குத் தெரியுது பாரு” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். முப்பது வருடம் கூட வாழ்ந்த அப்பாவுக்கு அது தெரியாது என்பதைச் சொல்லவில்லை. அப்பா பக்கத்தில்தான் இருந்தார்.

பிறகு சந்து போய்க் கட்டடம் வந்தது. எங்களுக்கு ஆறாவது மாடி, பாய்க்கு மூன்றாவது. லிஃப்ட் என்று ஒன்று இருந்தது, ஓடினால் எல்லோரும் அதிசயமாகப் பார்ப்போம். வாசலில் எண்ணெய்ச் சட்டி வைக்க வாசல் இல்லை. உள்ளே வைத்தால் புகை ஹாலுக்கு வந்து கண்ணை எரித்தது. தட்டிலிருந்து முதலில் அதிரசம் காணாமல் போனது. பிறகு முறுக்கு மாட்டுங்கா கடைப் பாக்கெட்டிலிருந்து வந்தது. அச்சு முறுக்கு அச்சு எந்த வீட்டில் இருக்கிறது என்பதே மறந்துபோனது. பிறகு தட்டே போய் அட்டைப் பெட்டி வந்தது. பெட்டிக்குள் பிளம் கேக். முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு எக்லெஸ். அட்டைப் பெட்டியை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை, அதனால் சீனியும் வருவதில்லை.

அம்மா மட்டும் முந்திரிக்கொத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். என் மகளுக்கு அதன் பெயர் வாயில் நுழையாது. “நானி, வோ பீலாவாலா தோ” என்று அம்மாவிடம் அந்த மஞ்சள் பலகாரத்தைக் கேட்பாள், ஒன்றைக் கடித்துவிட்டுப் பல் வலிக்கிறது என்று வைத்துவிடுவாள். கொரோனா வந்த வருடம் யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. அதற்கு அடுத்த வருடம் அம்மாவின் முழங்கால் அடுப்படியில் நிற்க மறுத்துவிட்டது. “ஆர்டர் பண்ணிருவோம்மா” என்றேன். அம்மா நல்ல கேக்காகப் பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று கேக் பெட்டியோடு மூன்றாவது மாடிக்கு இறங்கும்போது அம்மா வழி நெடுகப் பதில்களைத் தயார் செய்தாள். “கடைக் கேக்கா, வெக்கமா இல்லையான்னு கேப்பாரு. முழங்காலைக் காட்டிருதேன். எசென்ஸ் வாசம்னு சொல்லுவாரு. எல்லாரும் இப்ப அதைத்தான் தின்னுதாங்கன்னு சொல்லிருதேன்.” சண்டைக்குப் போகிறவளின் தெம்பு அவளிடம் இருந்தது.

பாய் ரொம்ப இளைத்திருந்தார். கேக்கில் ஒரு துண்டு எடுத்தார். கண்ணை மூடவில்லை. தின்றார், தண்ணீர் குடித்தார், துண்டால் வாயைத் துடைத்தார்.

“நல்லா இருக்கு, தங்கச்சி” என்றார்.

அம்மா நின்றாள். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்பதுபோல் நின்றாள்.

“அப்புறம்?” என்றாள்.

“அப்புறம் என்ன? நல்லா இருக்கு. பிள்ளைங்க சுகமா?”

மாடி ஏறி வந்து அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். எத்தனையோ வருடம் கருப்பட்டியும் பயறுமாகப் போராடிக் கிடைக்காத சொல், பெயர் தெரியாத ஒரு பேக்கரிக்காரனின் கேக்குக்குக் கிடைத்திருக்கிறது. நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. “அவன் எங்க இருக்கான், யாரு அவன்? அவனுக்கு நல்லா இருக்காம்!” என்று முதலில் கோபப்பட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த மனுசனுக்கு உடம்புக்கு என்னமோ பண்ணுது பிள்ள. இல்லன்னா இப்படிச் சொல்ல மாட்டாரு” என்றாள். அவள் குரலில் பயம் இருந்தது.

மத்தியானம் மாமி மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். அம்மாவின் முகம் வாடிப்போனதை அவர் கவனித்திருக்கிறார்.

“மனசுல வச்சுக்காத தங்கச்சி. அவருக்கு நாக்கே இல்ல இப்ப. கொரோனா வந்து போனதுலருந்து மணமும் தெரியல, ருசியும் தெரியல. எனக்கே தெரியாது. பெருநா அன்னைக்கு பிரியாணிக்கு உப்பு போட மறந்துட்டேன். வந்தவங்க எல்லாம் உப்பு கேக்காங்க, இவரு ஒரு வார்த்தை சொல்லாம தின்னுட்டு எந்திரிச்சுட்டாரு. அன்னைக்கு ராவு நான் அழுதேன், கேட்டியா.”

“டாக்டருகிட்ட?”

“பாத்தாச்சு. வந்தா வரும்ங்காரு. யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. தெரிஞ்சா இனி யாரு எனக்குத் தட்டு கொண்டுவருவாங்கன்னு கேக்காரு. நீயும் தெரிஞ்ச மாதிரி காட்டிராத.”

மாமி போன பிறகு அம்மா மீதிக் கேக்கைப் பெட்டியோடு அலமாரிக்குள் தள்ளி வைத்தாள். ஊரில் இருக்கிற எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்த மனிதருக்கு, இப்போது எதிலும் குறை தெரியவில்லை. அதை வெளியே சொல்ல முடியாமல் எல்லோருக்கும் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் அம்மா பயறு வறுக்கிற வாசனையில்தான் நான் எழுந்தேன். ஸ்டூல் போட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மிக்ஸியில் திரிப்பதும் தேங்காய் துருவுவதும் எனக்கு. பாகு காய்ச்சியது அவள். உருண்டை பிடித்து உலரவிட்டோம். சாயங்காலம் அவற்றை முக்கியெடுக்க மேல்மாவு கரைத்தாள். அரிசி மாவு, மஞ்சள், உப்பு. தோசை மாவைவிட நீர்க்க இருக்க வேண்டிய மாவு அது. அம்மா அதில் மேலும் ஒரு கை மாவை அள்ளிப் போட்டாள். பிறகு இன்னொரு கை.

“என்னம்மா, களி மாதிரி ஆயிட்டு? மேல ஓடு மாதிரி உக்காந்துக்கும்.”

“உக்காரட்டும்.”

“கடிச்சா பல்லு போயிரும்மா.”

“நாக்குதான போச்சு அந்த மனுசனுக்கு? பல்லு இருக்குல்லா?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று அத்தனை வருடம் பாடுபட்டவள், நாக்கு இல்லாமலும் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு குறையை வேண்டுமென்றே செய்துகொண்டிருந்தாள். அதிலும் அவளுக்கு அரைகுறை பிடிக்காது. கரண்டியால் எடுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் மாவு போட்டாள்.

பழைய எவர்சில்வர் தட்டைத் தேடி எடுத்து, அதில் முந்திரிக்கொத்தை மட்டும் வைத்து, துணி மூடிக்கொண்டு இறங்கினோம். பாய் தட்டைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார். மாமி அடுக்களை வாசலில் வந்து நின்றார். பாய் ஒன்றை எடுத்துக் கடித்தார். ஹாலுக்கே கேட்டது அந்தச் சத்தம். அவர் மெல்வதை நிறுத்தினார். இன்னொரு கடி கடித்தார். பிறகு, எத்தனையோ நாளைக்குப் பிறகு, கண்ணை மூடினார். அம்மா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

“தங்கச்சி, மேல்மாவு தடிச்சுப் போச்சே” என்றார். “எத்தனை வருசமா செய்யுத, மாவு கரைக்கத் தெரியலையா உனக்கு? பிள்ளைங்க கடிச்சா பல்லு என்னத்துக்கு ஆவும்?”

“தடிப்பெல்லாம் இல்லண்ணே. உங்களுக்குப் பல்லு ஆடுது.”

“என் பல்லு பரோபரா இருக்கு. உன் மாவைப் பாரு.” நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த மீதியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்து, அம்மா முகத்துக்கு முன்னால் நீட்டினார். “எண்ணெயும் குடிச்சிருக்கு. இந்தா, விரலைப் பாரு, மினுங்குது. சட்டி காயறதுக்கு முன்னாலயே போட்டிருக்க.”

மாமி முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. பாய் தட்டிலிருந்து இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்தோம். லிஃப்ட் ஓடவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வருகிறாள் என்றுதான் நினைத்தேன். நாலாவது மாடித் திருப்பத்தில் நின்று என் பக்கம் திரும்பினாள். கண் ஈரமாகத்தான் இருந்தது, முகம் மட்டும் கோபத்தில் சிவந்து கிடந்தது.

“மாவு தடிப்பு நான் வச்சது, சரி. எண்ணெய் எங்க குடிச்சுது? நீதான பக்கத்துல நின்ன, சட்டி காயலையா? சொல்லு.”

“காஞ்சுதும்மா.”

“பொறவு? வாய்க்கு வந்ததைச் சொல்லுதாரு அந்த மனுசன்! இருக்கட்டும். வருத கிறிஸ்துமஸுக்கு எண்ணெயே ஒட்டாமச் சுட்டுக் கொண்டுபோய் வைக்கேன், அப்ப என்ன சொல்லுதாருன்னு பாப்போம்” என்று சொல்லிவிட்டு, வலிக்கிற முழங்காலோடு என்னை முந்திக்கொண்டு விறுவிறுவென்று படியேறினாள்.